ஆடியில் வாங்க வேண்டியவையும் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியவையும்

எங்கள் வீட்டில் பெரிய செலவு ஏதேனும் வரப்போகிறது என்று தெரிந்தவுடன், அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவேன். பொருளின் பெயர், மாடல் எண், எந்தக் கடை, என்ன விலை, என்ன தேதி என்ற ஐந்தையும் வாரம் ஒருமுறை அதில் எழுதுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. தள்ளுபடிக் காலத்தில் பணத்தை மிச்சப்படுத்த விரும்புபவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலையும், பெரும்பாலோர் செய்யாமல் விடும் வேலையும் இதுதான்.

அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். 7 கிலோ கொள்ளளவுள்ள, முன்புறம் திறக்கும் சலவை இயந்திரம் ஒன்று ஜூலை இரண்டாம் வாரத்தில் 30,990 ரூபாய். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய விற்பனையில் 29,490 ரூபாய். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், பண்டிகை விற்பனைக்குச் சில நாட்களே இருக்கும்போது, 33,490 ரூபாய். விற்பனை தொடங்கிய அன்று 43,500 ரூபாய் என்ற எண்ணைக் குறுக்கே அடித்து, 33 சதவீதத் தள்ளுபடியில் 28,990 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். வங்கி அட்டைக்கு மேலும் 1,500 ரூபாய் குறைந்து, கையிலிருந்து போனது 27,490 ரூபாய். விளம்பரத்தை நம்பினால் 16,000 ரூபாய் மிச்சம். நோட்டைப் பார்த்தால், ஜூலை விலையிலிருந்து 3,500 ரூபாய் மிச்சம். 3,500 ரூபாய் என்பது நல்ல தொகைதான், அதற்காகக் காத்திருந்ததும் சரிதான். ஆனால் 16,000 ரூபாய் மிச்சமாகிறது என்ற நினைப்பில், தேவைப்படாத இன்னொரு பொருளையும் கூடையில் சேர்த்திருந்தால் அந்த 3,500-உம் போயிருக்கும்.

குறுக்கே அடிக்கப்பட்ட அந்த எண் அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் அடங்கிய அந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் மின்னணுப் பொருட்களிலும் ஆயத்த ஆடைகளிலும் பல நேரம் அந்த விலைக்கு விற்பதில்லை என்பதால், அதிலிருந்து எத்தனை சதவீதம் குறைத்தோம் என்ற கணக்கு வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை. சென்ற மாதம் அதே பொருள் என்ன விலைக்குக் கைமாறியது என்பதே ஒப்பிடத் தகுந்த எண். நோட்டுப் போடப் பொறுமை இல்லாதவர்கள், அமேசான் தளத்தின் பழைய விலைகளைக் கோட்டுப்படமாகக் காட்டும் கீபா போன்ற கருவிகளைப் பயன்படுத்தலாம். வங்கி அட்டையால் கிடைக்கும் குறைப்பு அவற்றில் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது வாங்குவது என்ற கேள்விக்கு விடை, கடைக்காரர் ஏன் விலையைக் குறைக்கிறார் என்பதில் இருக்கிறது. சரக்கு தேங்கியிருப்பதால் குறைப்பவர் ஒரு பருவத்தில் குறைப்பார். புதிய மாடல் வரப்போவதால் குறைப்பவர் வேறொரு மாதத்தில் குறைப்பார். அரசு மானியத்தால் குறைவது ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே நாட்களில் வரும். இந்தக் காரணத்தைப் பொருளுக்குப் பொருள் பிரித்துப் பார்த்தால், ஆண்டு முழுவதற்குமான ஒரு நாட்காட்டி நமக்கே கிடைத்துவிடும்.

துணியிலிருந்து தொடங்குவோம். ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடியும் ஆடி மாதத்தில் நம் பக்கத்தில் திருமணம் வைப்பதில்லை. முகூர்த்தம் இல்லாததால் ஜவுளிக் கடையில் கூட்டம் குறைகிறது. ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்கும், அதைத் தொடர்ந்து தீபாவளிக்கும் புதுச் சரக்கு இறக்கியாக வேண்டும், அதற்குக் கிடங்கில் இடமும் கையில் பணமும் வேண்டும். ஆடித் தள்ளுபடி பிறந்தது இந்த நெருக்கடியில்தான். இன்று தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஆடி மாதம்தான் நெரிசலான மாதம் என்று ஆகிவிட்டாலும், அடிப்படைக் காரணம் மாறவில்லை. ஆகவே, கடைக்காரர் எதைக் கழிக்க நினைக்கிறாரோ அதில்தான் நமக்கு உண்மையான லாபம்.

ஆடியில் கடைக்குள் இரண்டு வகைச் சரக்கு இருக்கும். ஒன்று, கடையில் முன்பே இருந்து விற்காமல் மிஞ்சியது. மற்றொன்று, தள்ளுபடி விற்பனைக்கென்றே வாங்கி வந்து குவித்தது. முதல் வகையில் எல்லா அளவும் இருக்காது, ஒரே நிறத்தில் இரண்டு கிடைக்காது, துணியின் தரம் மட்டும் எப்போதும்போல் இருக்கும். இரண்டாவது வகையில் எல்லா அளவும் எல்லா நிறமும் மலைபோல் கிடக்கும், தையலும் துணியும் மெலிந்திருக்கும். அளவு கிடைக்காத குவியலில் பொறுமையாகத் தேடுபவருக்கே ஆடி பலன் தருகிறது என்பது என் அனுபவம். வேட்டி, துண்டு, படுக்கை விரிப்பு, வீட்டில் உடுத்தும் பருத்திப் புடவை, நைட்டி, உள்ளாடை போன்ற, நாகரிகம் மாறினாலும் பயன் மாறாத பொருட்களை ஓராண்டுக்குச் சேர்த்து வாங்க இதைவிட நல்ல மாதம் இல்லை. பாத்திரக் கடைகளிலும் இதே மாதத்தில் விலை இறங்குகிறது.

புடவை என்றால் எங்கள் அத்தை செய்வதை நானும் செய்கிறேன். விற்பனையாளர் விரித்துக் காட்டும் முந்தானையோடு அவர் நிறுத்துவதில்லை. புடவையை முழுதாகப் பிரித்து, வாசல் வெளிச்சம் வரும் இடத்துக்குக் கொண்டுபோய், மடிப்பு விழுந்த இடங்களில் விரலை ஓட்டிப் பார்ப்பார். நெடுநாள் அடுக்கில் இருந்த புடவையில், வெளிமடிப்பு மட்டும் ஒரு கோடுபோல் வெளுத்திருக்கும். அதைக் கடையின் வெள்ளை விளக்கில் கண்டுபிடிக்க முடியாது. ஜரிகை கறுத்திருக்கிறதா, ரவிக்கைத் துணி சேர்ந்தே இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் தள்ளுபடியில் வாங்கிய துணியை மாற்றித் தர இயலாது என்று பில்லிலேயே அச்சடித்திருக்கும் கடைகள் பல. பணம் கட்டுவதற்கு முன்பு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

கைத்தறியும் கதரும் ஆடிக் கணக்கில் வருவதில்லை. 1935-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், தீபாவளியை ஒட்டி ஆண்டுதோறும் 30 சதவீதம் சிறப்புத் தள்ளுபடி தருகிறது. கதர் அங்காடிகளில் காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2-ஐ ஒட்டித் தள்ளுபடி விற்பனை தொடங்குகிறது. காஞ்சிபுரம், ஆரணி, சேலம், திருப்புவனம் என்று எந்த ஊர்ப் பட்டாக இருந்தாலும், கூட்டுறவு நெசவாளர் தந்த சரக்கை வாங்க நினைப்பவர் ஆடியில் அவசரப்படாமல் அதுவரை பொறுத்திருக்கலாம். விற்பனை தொடங்கிய முதல் வாரத்திலேயே போனால் நல்ல நிறங்கள் கிடைக்கும்.

மின்னணுப் பொருட்களுக்கு வருவோம். ஃப்ளிப்கார்ட் நிறுவனம் தன் பிக் பில்லியன் டேஸ் விற்பனையை முதன்முதலில் நடத்தியது 2014 அக்டோபர் 6 அன்று. அதன் பிறகு, நவராத்திரியை ஒட்டித் தொடங்கித் தீபாவளி வரை நீளும் பண்டிகை விற்பனை இணைய வணிகத்தின் பெருவிழாவாகிவிட்டது. அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவல் விற்பனையும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் வருகிறது. இந்த விற்பனையில் விலைக் குறைப்பின் சுமையைத் தளம், தயாரிப்பாளர், வங்கி ஆகிய மூவரும் பங்கிட்டுக்கொள்வதால், செல்பேசி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் ஆகியவற்றின் ஆண்டின் மிகக் குறைந்த விலையை நான் பெரும்பாலும் இங்குதான் பார்த்திருக்கிறேன். ஜூலையில் வரும் பிரைம் டே, ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகியவற்றை ஒட்டிய விற்பனைகள் அதற்கு அடுத்த நிலையில் இருப்பவை. பழைய இயந்திரம் ஜூலையில் நின்றுபோனால் நவராத்திரி வரை கையால் துவைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஆகஸ்ட் விலையே போதுமானது.

பண்டிகை விற்பனை நடக்கும் நாட்களில் ஊரிலுள்ள ஷோரூமுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். இணையத்தில் அன்று இருக்கும் விலையைச் செல்பேசியில் காட்டிக் கேட்டால், அதே விலைக்குத் தரவோ, விலையைக் குறைக்காமல் ஸ்டாண்டையும் பொருத்தும் கூலியையும் இலவசமாகத் தரவோ பலர் முன்வருகிறார்கள். மாதக் கடைசி நாட்களில் விற்பனை இலக்கை எட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருப்பதால், பேரம் இன்னும் எளிதாகப் படியும்.

செல்பேசிக்குப் பண்டிகையைவிடப் புதிய மாடல் வரும் தேதி முக்கியம். புதிய ஐபோன் வழக்கமாகச் செப்டம்பரில் வருகிறது, வந்தவுடன் முந்தைய மாடலின் விலை இறங்குகிறது, அடுத்த சில நாட்களிலேயே பண்டிகை விற்பனையும் தொடங்குகிறது. ஆகவே ஆகஸ்டில் ஐபோன் வாங்குவதைப்போல் தவறான நேரம் வேறில்லை.

குளிர்சாதனத்துக்குக் கணக்கு தலைகீழ். வெயில் ஏறிய பிறகு, ஏப்ரலில் வாங்கப் போனால் விலையும் குறையாது, பொருத்த ஆளும் எளிதில் கிடைக்காது. அக்டோபர் முதல் ஜனவரி வரை வாங்குவது நல்லது. ஆனால் அப்படி வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உத்தரவாதக் காலம் பில் போட்ட தேதியிலிருந்து ஓடத் தொடங்குவதால், நவம்பரில் வாங்கி மார்ச்சில் முதன்முறையாக ஓடவிட்டால் நான்கு மாத உத்தரவாதம் வீணாகிறது. எனவே பொருத்திய அன்றே ஒரு மணி நேரம் ஓட்டிக் குளிர்ச்சியைச் சோதித்துவிட வேண்டும். அடுத்தது நட்சத்திரக் குறியீடு. எத்தனை நட்சத்திரம் என்பதற்கான அளவுகோலை எரிசக்தித் திறன் பணியகம் அவ்வப்போது கடுமையாக்குகிறது. 2022 ஜூலையில் அப்படி மாற்றியபோது, முந்தைய 5 நட்சத்திரம் 4 நட்சத்திரமாக இறங்கியது. பழைய அளவுகோலில் தயாரான சரக்கைக் கழிக்கும்போது நல்ல தள்ளுபடி கிடைக்கும், வாங்கலாம். ஆனால் லேபிளில் எந்த ஆண்டுக்கான மதிப்பீடு என்று பார்த்து, புதிய கணக்கில் அது எத்தனை நட்சத்திரம் என்று அறிந்து விலை பேச வேண்டும்.

வரி மாற்றமும் ஒரு பருவம்தான், அது எப்போதாவது வரும் பருவம். 2025 செப்டம்பர் 22 முதல் குளிர்சாதனத்துக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 30,000 ரூபாய் விலையுள்ள குளிர்சாதனம் 38,400 ரூபாயிலிருந்து 35,400 ரூபாய்க்கு இறங்கியது. ஆகஸ்ட் 15 அன்றே வரி குறையப்போகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டிருந்ததால், செய்தியைக் கவனித்துப் பொறுத்தவர்களுக்கு எந்தத் தள்ளுபடிக் கூப்பனும் இல்லாமலே 3,000 ரூபாய் மிச்சமானது. அமேசான், ஃப்ளிப்கார்ட் இரண்டுமே அந்த ஆண்டின் பண்டிகை விற்பனையை அதற்கு மறுநாள், செப்டம்பர் 23 அன்று தொடங்கின.

நகைக்கு மட்டும் தள்ளுபடிக் காலம் என்பதை நம்பி நாளைக் குறிக்க வேண்டாம். அட்சய திருதியை அன்று குறைவது தங்கத்தின் விலை அல்ல, சேதாரமும் செய்கூலியும்தான். ஒரு கடையில் 18 சதவீதச் சேதாரத்தில் கால் பங்கு தள்ளுபடி என்கிறார்கள், அப்படியானால் 13.5 சதவீதம். பக்கத்துக் கடையில் தள்ளுபடி எதுவும் இல்லை, ஆனால் அதேபோன்ற வளையலுக்குச் சேதாரமே 12 சதவீதம். தங்க மதிப்பு ஒரு லட்சம் ரூபாய் என்றால், தள்ளுபடி தந்த கடையில் 1,500 ரூபாய் அதிகம், அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ஆகவே முடிவில் நிற்கும் சேதாரச் சதவீதத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு ஒப்பிட வேண்டும். 

கார், இருசக்கர வாகனம் வாங்குபவர்களுக்கு டிசம்பரில் நல்ல குறைப்பு கிடைக்கும். தயாரிப்பு ஆண்டு ஆர்.சி. புத்தகத்தில் ஏறிவிடுவதால், ஜனவரி பிறந்தவுடன் அந்த வண்டி ஓராண்டு பழையதாகக் கணக்காகிறது என்பதே காரணம். மூன்று நான்கு ஆண்டுகளில் விற்றுவிடும் எண்ணமுள்ளவர் அந்தக் குறைப்பை மறுவிற்பனையில் திருப்பித் தர நேரிடும், பத்தாண்டு ஓட்டப்போகிறவருக்கு அது முழு லாபம். புத்தகம் வாங்குபவர்கள், சென்னைப் புத்தகக் காட்சியின் 10 சதவீதத்தோடு, பதிப்பகங்கள் அறிவிக்கும் முன்வெளியீட்டுத் திட்டங்களையும் கவனித்தால் பெரிய தொகுதிகளில் அதைவிடக் கூடுதலாகவே மிச்சப்படுத்தலாம்.

இனி தள்ளுபடிக் கோடுகள், அதாவது பணம் கட்டும்போது இடும் கூப்பன் குறியீடுகள். இவற்றில் பெரிய எழுத்தில் இருப்பது சதவீதம், சிறிய எழுத்தில் இருப்பது உச்சவரம்பு, நம் கணக்குக்கு வேண்டியது சிறிய எழுத்து. 20 சதவீதத் தள்ளுபடி, அதிகபட்சம் 150 ரூபாய், குறைந்தது 699 ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்று ஒரு கோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 150-ஐ 20 சதவீதத்தால் வகுத்தால் 750. அதாவது 750 ரூபாய்க்கு வாங்கும்போதுதான் அந்தக் கோடு முழுப் பலனைத் தருகிறது. 1,500 ரூபாய்க்கு வாங்கினால் அதே 150 ரூபாய் 10 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஒரே குறியீட்டை மீண்டும் பயன்படுத்த அனுமதி இருந்தால், அந்த 1,500 ரூபாய்ச் சாமானை இரண்டு ஆர்டராகப் பிரிப்பது நல்லது, இரண்டு முறை டெலிவரிக் கட்டணம் விழாதவரை. வங்கி அட்டைக்கும் இதே வாய்ப்பாடுதான். 10 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் என்றால், 15,000 ரூபாய்ப் பொருளில் அது நிறைவாகப் பயன்படுகிறது, 60,000 ரூபாய்ச் செல்பேசியில் அது வெறும் 2.5 சதவீதம். வீட்டில் இரண்டு பேரிடம் தனித்தனி அட்டை இருந்தால், பெரிய பொருளை ஒன்றிலும் மிக்ஸி, குக்கர் போன்றவற்றை மற்றொன்றிலும் போடுவது இதனால்தான்.

முதல் ஆர்டருக்கென்று தரும் கோடுதான் பல தளங்களில் மிகப் பெரியது, ஒருமுறை மட்டுமே கிடைப்பது. ஒரு சோப்புக்கோ சார்ஜருக்கோ அதைச் செலவழித்துவிடாமல், திட்டமிட்டு வாங்கப்போகும் பொருளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பொருளைக் கூடையில் போட்டு, உள்நுழைந்த கணக்கிலேயே ஓரிரு நாள் விட்டுவைத்தால், நினைவூட்டலோடு ஒரு குறியீட்டையும் அனுப்பும் தளங்கள் உண்டு. அவசரமில்லாத பொருளுக்கு இதை முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. கோடுகளைத் திரட்டித் தரும் தளங்களில் இருப்பவை பெரும்பாலும் காலாவதியானவை. கோடு தருகிறோம் என்று சொல்லி ஏதேனும் செயலியை இறக்கச் சொன்னாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் திறக்கச் சொன்னாலோ, அந்த இடத்திலேயே விலகிவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

பணம் கட்டும் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதும் அவசியம். நாம் கேட்காத காப்பீடு, நன்கொடை, பொட்டலக் கட்டணம் ஆகியவை அங்கேதான் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இப்படி வாங்குபவருக்குத் தெரியாமல் கூடையில் பொருள் சேர்ப்பதையும், இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்கத் தூண்டுவதையும் உள்ளிட்ட 13 தந்திரங்களை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடைசெய்கின்றன. 

வட்டியில்லாத் தவணை என்பதையும் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். வங்கி வட்டி வாங்கத்தான் செய்கிறது, அந்த வட்டித் தொகையைக் கடைக்காரர் பொருளின் விலையில் முன்கூட்டியே கழித்துவிடுகிறார். ஆனால் வட்டியின் மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வங்கியின் நடைமுறைக் கட்டணமும் நம் தலையில்தான் விழுகின்றன. 30,000 ரூபாய்ப் பொருளை 16 சதவீத வட்டிக் கணக்கில் ஆறு மாதத் தவணையில் வாங்கினால், வட்டி சுமார் 1,350 ரூபாய், அதற்கான வரி சுமார் 243 ரூபாய், நடைமுறைக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235 ரூபாய். வட்டியில்லாமல் வாங்கியதற்கு ஏறக்குறைய 480 ரூபாய் ஆகிறது. கையில் பணம் இல்லாதபோது இது நியாயமான செலவுதான், பணம் இருக்கும்போது தேவையில்லாதது.

திருப்பி அனுப்பும்போது கோடு என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை பணம் இழந்துதான் தெரிந்துகொண்டேன். தலா 800 ரூபாய் விலையில் மூன்று குர்த்தாக்கள், மொத்தம் 2,400 ரூபாய், கோடால் 400 ரூபாய் குறைந்து 2,000 ரூபாய் கட்டினேன். அளவு சரியில்லாத ஒன்றைத் திருப்பி அனுப்பியபோது 800 ரூபாய் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், வந்தது 667 ரூபாய். கோடின் குறைப்பை மூன்றாகப் பங்கிட்டுக் கழித்திருந்தார்கள். கணக்கு சரியானதே, ஆனால் சில தளங்களில் மீதமுள்ள பொருட்களின் விலை குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே இறங்கினால் குறியீட்டின் குறைப்பையே முழுதாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் விதியும் உண்டு. அளவு பொருந்துமா என்ற ஐயமுள்ள துணியைக் கோடுள்ள ஆர்டரில் சேர்க்காமல் தனியாக வாங்குவதே நல்லது.

விற்பனைப் பக்கத்தில் இருந்த சலுகை வாசகத்தை, பணம் கட்டும் முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை முடிந்தவுடன் அந்தப் பக்கம் மறைந்துவிடும். சொன்ன குறைப்பைத் தராமல் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் தரும்போது பில்லோடு அதுவும் கைகொடுக்கும். குறிப்பாக, உடனடித் தள்ளுபடி என்றில்லாமல் கேஷ்பேக் என்று சொல்லியிருந்தால், பணம் அன்றே வராது, அறுபது நாளோ தொண்ணூறு நாளோ கழித்துத்தான் கணக்கில் ஏறும், அதற்குள் நாம் மறந்துவிடுவோம். அந்தத் தேதியையும் தொகையையும் நோட்டில் அதே பக்கத்தில் எழுதிவைக்கிறேன். சலவை இயந்திரத்துக்குப் பிறகு வாங்கிய மிக்ஸிக்கு 500 ரூபாய் கேஷ்பேக் ஜனவரி 10-க்குள் வர வேண்டும் என்று எழுதியிருந்தேன், வரவில்லை, 12-ஆம் தேதி ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதிக் கேட்ட பிறகு 19-ஆம் தேதி வந்து சேர்ந்தது. அன்றுதான் அந்தப் பக்கத்தின் கீழே கோடு கிழித்தேன்.